பெர்லின் திறக்கும் வரிசை

இது 2021 ஜூன் இரண்டாம் வாரத்தில், கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது எழுதியது. இதில் ‘இப்போது’ என்பதும், விதிகளும் கட்டணங்களும் நேரங்களும் அந்த வாரத்து நிலவரமே. மே 21 அன்று பெர்லின் உணவகங்கள் வெளியில் மேசை போட்டன. ஜூன் 4 முதல் உள்ளேயும் உட்காரலாம். ஜூன் 11 அன்று தங்கும் விடுதிகள் திறந்தன. ஏப்ரல் கடைசியில் இதே ஊரில் இரவு 10 மணிக்கு மேல் ஊரடங்கு இருந்தது. சென்ற இலையுதிர் காலத்தில் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கிய நம்மவர்கள் பலருக்கு, எட்டு மாதமாகியும் பெர்லின் என்றால் ஓர் அறை, தெருமுனை சூப்பர்மார்க்கெட், மடிக்கணினி. அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் முதலில் ஓடுவது பிராண்டன்பர்க் வாயிலுக்கும் அலெக்சாண்டர்பிளாட்ஸுக்கும். அது தவறில்லை. ஆனாலும் நகரம் எந்த வரிசையில் திறக்கிறதோ அதே வரிசையில் அதைக் கற்றுக்கொள்வதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். முதலில் திறந்தவெளி, அடுத்து சந்தை, கடைசியில் கூரைக்கு அடியில் இருப்பவை. இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டு முடிக்காதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு, சோதனைச் சான்று தேடி அலையவும் வேண்டாம். இந்த ஊரின் இயல்பும் அதற்குத்தான் பொருந்துகிறது. 1920-ல் பழைய பெர்லினோடு 7 நகரங்கள், 59 கிராமங்கள், 27 பண்ணை நிலங்களைச் சேர்த்துத் தைத்த ஊர் இது. பிறகு 28 ஆண்டுகள் ஒரு சுவர் அதைப் பிளந்து வைத்திருந்தது. அதனால் இதற்கு ஒற்றை நடு கிடையாது. ஷ்பாண்டாவ், க்யோபெனிக், நொய்கோல்ன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடைத்தெரு, நகரமன்றம், தேவாலய முற்றம் உண்டு. நடுவை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் பார்ப்பது பெர்லினில் ஒரு சிறு துண்டு.

கிளம்பும் முன் தபால்பெட்டி

ஊர் சுற்றுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கட்டட வாசலில் இருக்கும் அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி எண் கிடையாது. தபால்காரர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டையின் ரகசிய எண், வரி அடையாள எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில் வருபவை. உள்வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே தங்கள் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒட்டிவிட வேண்டும்.

முகவரிப் பதிவான ஆன்மெல்டுங்கைக் குடிவந்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று மூன்றும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இதற்குத்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பெருந்தொற்றால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, இடம் கிடைப்பதும் அரிது. உங்கள் வட்டார அலுவலகத்தில்தான் பதிய வேண்டும் என்றில்லை, 12 வட்டாரங்களில் எங்கு இடம் கிடைத்தாலும் போகலாம். காலையில் அலுவலகம் தொடங்கும் நேரத்தில் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால், யாரோ ரத்து செய்த இடம் கண்ணில் படும். 115 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். தொலைவான வட்டாரத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அந்தப் பயணமே ஊரின் ஒரு மூலையைக் காட்டிவிடும்.

இந்தியாவிலிருந்து அந்த ஜூனில் வந்தவர்களுக்கு இதெல்லாம் பிறகுதான். 2021 ஏப்ரல் 26 முதல் இந்தியா ஜெர்மனியின் உருமாறிய கொரோனா வைரஸ் பகுதிப் பட்டியலில் இருந்தது. ஜெர்மனியில் வசிப்பவராக இருந்தாலும் 14 நாள் தனிமை. தொற்று இல்லை என்ற சோதனைச் சான்று காட்டியும் அதைக் குறைக்க முடியவில்லை.

சோதனையும் முகக்கவசமும்

2021 மார்ச் 8 முதல் வாரத்துக்கு ஒரு முறையாவது இலவச விரைவுக் கொரோனா சோதனை உண்டு. மருந்துக்கடை, காலிக் கடை, மூடிக்கிடக்கும் இரவு விடுதி என்று எங்கு பார்த்தாலும் சோதனை மையம்தான். இணையத்தில் நேரம் பதிந்து, மூக்கில் குச்சி விட்டு, வெளியே வந்துவிட்டால் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் முடிவு மின்னஞ்சலில் வரும். சான்று 24 மணி நேரத்துக்குச் செல்லும். மறுநாள் மாலை உணவகத்தில் நுழைய முந்தின நாள் காலைச் சான்று உதவாது.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் கேட்கும். ஒற்றைப் பெயரோடும் தலைப்பெழுத்தோடும் வாழ்கிற நாம் அவசரத்தில் எதையாவது நிரப்பிவிடுகிறோம். உணவக வாசலில் சான்றையும் அடையாள அட்டையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் பெயர் ஒத்துப்போகவில்லையென்றால் உள்ளே விடாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், வசிப்பு அட்டையில் எப்படி அச்சிட்டிருக்கிறார்களோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சோதனை, தடுப்பூசி, உணவகங்களில் வருகையைப் பதியும் லூகா செயலி, வங்கி எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து பிசகினால் முடிவு வரவே வராது. மையத்தை விட்டு நகரும் முன் பதிவை உறுதிசெய்யும் அஞ்சல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7 அன்று தடுப்பூசிக்கான முன்னுரிமை வரிசையை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் கழிந்தவர்களுக்குச் சோதனை வேண்டாம். ஊசி போட்டதைக் குறித்துத் தரும் மஞ்சள் புத்தகத்தைச் சட்டைப்பையில் சுமப்பதைவிட, ஊசி விவரத்தை மருந்துக்கடையில் க்யூஆர் குறியாக மாற்றி, இந்த மாதம் வந்த கோவ்பாஸ் செயலியில் ஏற்றிக்கொள்வது நல்லது.

2021-ல் ரயிலிலும் பேருந்திலும் நுண்துகள் வடிகட்டும் எஃப்.எஃப்.பி.2 கவசம் கட்டாயமாக இருந்தது. துணிக் கவசத்தோடு ஏறினால் 50 யூரோ அபராதம் வரக்கூடும். வாங்கும்போது சி.ஈ. குறியும் அதை ஒட்டி நான்கு இலக்க எண்ணும் கவசத்தின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. மூக்குக்கம்பியை ஒரே விரலால் அழுத்தினால் நடுவில் கூர்மையாக மடிந்து இருபுறமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி நீவிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடி பனிபடர்ந்தால் காற்று மேலே கசிகிறது என்று அர்த்தம். அடர்ந்த தாடிக்கு எந்தக் கவசமும் முழுதாகப் பொருந்தாது. ஒரே கவசத்தைத் தினமும் மாட்டாமல் ஏழு கவசங்களை ஏழு கொக்கியில் தொங்கவிட்டு, கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் காய நேரம் கிடைக்கும். அப்படி ஐந்து முறை வரை பயன்படுத்தலாம். துவைத்தால் வடிகட்டும் மின்னேற்றம் போய்விடும், பிறகு அது வெறும் துணிதான்.

முதல் நாள் வட்டத்தில்

ஊரைச் சுற்றி ஓடும் எஸ்-பான் என்ற நகர ரயிலின் வட்டப்பாதைக்கு ரிங்பான் என்று பெயர். 37 கி.மீ., 27 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். எஸ்41 கடிகார முள் திசையில் போகும், எஸ்42 எதிர்த்திசையில். இந்த வட்டத்துக்குள் இருப்பது ஏ மண்டலம், அதிலிருந்து நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே பாட்ஸ்டாமும் புதிய விமான நிலையமும் சி. இந்த மூன்றும் மனத்தில் படிந்துவிட்டால் பாதி பெர்லின் புரிந்துவிடும்.

ஏபி சீட்டு (2021-ல் 3 யூரோ) இரண்டு மணி நேரத்துக்கு, ஒரே திசைக்குத்தான். போன வழியே திரும்புவதற்கும், சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வருவதற்கும் அது செல்லாது. அதனால் ரிங்பானில் ஏறி முழு வட்டம் அடிக்க அது போதாது. மாதச் சீட்டோ மாணவர்களின் செமஸ்டர் சீட்டோ இல்லாதவர்கள் 24 மணி நேரச் சீட்டு (2021-ல் 8.80 யூரோ) எடுப்பதே சரி, ஏனென்றால் இந்தச் சுற்றில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தாவிட்டால் அது சீட்டே இல்லை. செயலியில் வாங்கும் ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கிய நொடியிலேயே ஓடத் தொடங்கும், ஆனால் ரயில் ஏறும் முன் வாங்கியிருக்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்ததும் வாங்கினால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும், 60 யூரோ போகும். பரிசோதகர்கள் பெரும்பாலும் சீருடையில் வருவதில்லை, கதவு மூடிய பிறகுதான் அட்டையை நீட்டுவார்கள். யு-பான் என்ற சுரங்க ரயில், எஸ்-பான் என்றால் மூன்று நிறுத்தம், பேருந்து, டிராம் என்றால் ஆறு நிறுத்தம் வரை போகக் குறுந்தொலைவுச் சீட்டு (2021-ல் 2 யூரோ) இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை.

கெசுண்ட்புருன்னனில் எஸ்41 ஏறுங்கள். ஷ்யோன்ஹவுசர் ஆலேயில் இறங்கினால் தலைக்கு மேல் இரும்புத் தூண்களில் யு2 ஓடும், கீழே கடைத்தெரு. ஆஸ்ட்க்ரோய்ஸ் மேல்நடைமேடையில் ஜூனிலும் குளிர்காற்று வீசும், மேற்சட்டை ஒன்று இருக்கட்டும். டிரெப்டோவர் பார்க்கில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் 1949-ல் திறந்த சோவியத் போர் நினைவிடம் வரும். பெர்லின் போரில் இறந்த சுமார் 7,000 வீரர்கள் புதைக்கப்பட்ட இடம் அது. பல பெரிய அருங்காட்சியகங்களில் கிடைக்காத அமைதி இங்கே நுழைவுச்சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. நொய்கோல்ன், ஹெர்மன்ஸ்ட்ராஸ நிலையங்களை ஒட்டித் துருக்கி, அரபுக் கடைகள். ஸ்யூட்க்ரோய்ஸ் தாண்டியதும் ஊரின் மேற்குப் பக்கம், வீடுகளின் முகமே மாறிவிடும். வெஸ்ட்ஹாஃபனில் கால்வாயும் சரக்குக் கிடங்குகளும்.

பழைய தெருக்களில் வீட்டெண் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பல தெருக்களில் எண்கள் ஒரு பக்கம் வரிசையாக ஏறிக்கொண்டே போய், தெருமுனையில் திரும்பி, எதிர்ப்பக்கம் வழியாகத் தொடக்கத்துக்கே வந்து சேரும். குர்ஃப்யூர்ஸ்டெண்டாம் அப்படிப்பட்ட தெரு. சிறிய எண்ணுக்கு நேர் எதிரே இருநூற்றுச் சொச்சம் இருக்கும். தெருமுனைப் பெயர்ப்பலகையில் அந்தத் துண்டில் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு கிலோமீட்டர் நடை மிச்சம்.

டெம்பெல்ஹோஃப் திடல்

புதிதாக வந்தவர்களை ஒரே ஓர் இடத்துக்கு அனுப்பச் சொன்னால் இங்கேதான் அனுப்புவேன். 2008 அக்டோபரில் மூடிய விமான நிலையத்தை 2010 மே மாதம் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 300 ஹெக்டேர். அதன் விளிம்பில் வீடு கட்ட நகராட்சி போட்ட திட்டத்தை 2014 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். 1948-49-ல் சோவியத் தரப்பு நிலவழிகளை அடைத்த முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு நிலக்கரியும் மாவும் சுமந்து வந்த விமானங்களில் பல இறங்கியதும் இங்கேதான். கடந்த பதினைந்து மாதங்களில் இந்த ஊர் மக்கள் மூச்சுவிட வந்த இடம் இது. ஓடுதளங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு கி.மீ. நீளம், சுற்றுப்பாதை ஆறு கி.மீ. எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒன்றரை மீட்டர் இடைவெளி தானாகவே கிடைக்கும்.

ஆனால் நிழல் இல்லை. ஜூன் வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்தால் தலைவலி நிச்சயம். தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரையே நிரப்பிக்கொள்ளலாம், நல்ல குடிநீர்தான், சுண்ணாம்பு மட்டும் அதிகம். எப்போதும் காற்று வீசுவதால் பாயை நான்கு மூலையிலும் எதையாவது வைத்து அழுத்த வேண்டும். கோடையில் வானம்பாடிகள் புல்லில் முட்டையிடுவதால் நடுப்பகுதியில் பெரும்பரப்பை வேலியிட்டிருப்பார்கள். அதைக் குறுக்குவழியாக்கிக்கொள்ள வேண்டாம். இறைச்சி சுடுவதற்குத் தனி இடம் உண்டு, வேறெங்கும் நெருப்பு கூடாது. சூரியன் மறைந்த பிறகு வாயில்கள் பூட்டப்படும். ஜூனில் அது இரவு பத்தரை. மூடும் நேரம் வாயிலிலேயே எழுதியிருக்கும். பூட்டிய பிறகும் உள்ளிருந்து வெளியேறச் சுழல்கதவு இருக்கிறது, ஆனால் மிதிவண்டியோடு அதில் நுழைவது பெரும்பாடு.

திறந்தவெளித் திட்டங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கழிவறைதான். காபிக்கடை மூடியிருந்த மாதங்களில் இது பெரும் துன்பமாக இருந்தது, குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு இன்றும் அப்படித்தான். 2021-ல் நகராட்சியின் தானியங்கிக் கழிவறைகளுக்கு 50 சென்ட் நாணயம் வேண்டியிருந்தது.  நடைப்பாதையை வரைபடத்தில் குறிக்கும்போதே கழிவறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிதிவண்டி

ரயிலுக்குள் நெருக்கடி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் க்ரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் மஞ்சள் கோடு போட்டு, தற்காலிக மிதிவண்டிப் பாதை திறந்தார்கள். அது மற்ற சாலைகளுக்கும் பரவியது. இப்போது இந்த ஊரைப் பார்க்க மிதிவண்டியைவிட நல்ல வண்டி கிடையாது. ஊர் தட்டை.

பழைய வண்டி வாங்கும்போது விற்பவரின் பெயர், தேதி, வண்டியின் இரும்புச் சட்டகத்தில் பொறித்த எண் மூன்றும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். சட்டப்படி ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக், மணி, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். பல பழைய ஜெர்மன் வண்டிகளில் பின்பிரேக் கைப்பிடியில் இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஓட்டும்போது சும்மா பெடலைப் பின்னால் சுற்றிப் பழகிய நம் கால்களுக்கு இது ஆபத்து, வண்டி திடீரென்று நின்று பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். காலியான தெருவில் அரை மணி நேரம் பழகிய பிறகே சாலைக்கு வாருங்கள். காற்றடிக்கும் வால்வு இங்கே மூன்று வகை, மூன்றுக்கும் பொருந்தும் தலையுள்ள பம்பாகப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். கருங்கல் பாவிய தெருக்களில் காற்றுக் குறைந்த டயர் ஓடினால் டியூப் விளிம்பில் நசுங்கி இரட்டைத் துளை விழும்.

பூட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். கனமான யு-வடிவப் பூட்டால் சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, நிலத்தில் பதித்த கம்பியில் பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் காலையில் முன்சக்கரம் மட்டுமே இருக்கும்.

சாலையில் பயப்பட வேண்டியவை நான்கு. வலப்புறம் திரும்பும் லாரி முதலாவது. பச்சை விளக்கு உங்களுக்கு இருந்தாலும் ஓட்டுநர் கண்ணாடியில் நீங்கள் தெரியமாட்டீர்கள், லாரிக்கு வலப்பக்கம் போய் நிற்கவே கூடாது. நிறுத்திய காரின் கதவு இரண்டாவது, ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். மூன்றாவது டிராம் தண்டவாளம். அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் கடக்க வேண்டும், மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளிப் போவதில் வெட்கமில்லை. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பு நான்காவது. அங்கே வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலுரிமை. நாம் இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்கள், கண் தானாக வேறு பக்கம் பார்க்கும். பெரிய சந்திப்பில் இடப்புறம் திரும்ப, முதலில் நேராகக் கடந்து அந்தப் பக்கம் நின்று, அடுத்த பச்சைக்கு மறுபடி கடந்தால் போதும். சிவப்பில் போனால் 60 யூரோ, கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 55.

முதல் நீண்ட சவாரிக்குச் சுவர்ப்பாதை. மேற்கு பெர்லினைச் சுற்றி இருந்த சுவரின் தடத்தில் ஏறக்குறைய 160 கி.மீ. நீளும் பாதை இது. முழுவதும் போக வேண்டியதில்லை. பெர்னவர் ஸ்ட்ராஸ நினைவிடத்தின் 1.4 கி.மீ. திறந்தவெளிப் பகுதியை மெதுவாக நடந்து பார்த்துவிட்டு, வடக்கே போர்ன்ஹோல்மர் ஸ்ட்ராஸ பாலம் வரை ஓட்டுங்கள். 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்துவிட்ட எல்லைச்சாவடி அங்கேதான் இருந்தது. ஊர் நடுவில் சுவர் இருந்த இடத்தை இரட்டை வரிசைக் கற்களாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். களைத்துப்போனால் வண்டியை ரயிலில் ஏற்றலாம். அதற்குத் தனிச் சீட்டு வேண்டும், மிதிவண்டிப் படம் போட்ட பெட்டியில் மட்டுமே ஏற வேண்டும்.

ஏரி

எஸ்1-ல் ஷ்லாக்டென்சே நிலையத்தில் இறங்கினால் சாலையைக் கடந்ததும் ஏரி. சுற்றிவர ஐந்தரை கி.மீ., முழுக்க மரநிழல். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் இறங்குங்கள். கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதுமே ஆழம், காவலர் கிடையாது, அடித்தண்ணீர் மேற்பரப்பைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வான்சே மணற்கரை நல்லது. மணல் விரிந்த கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நீண்ட தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அங்கே போக வான்சே நிலையத்தில் இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை, நிக்கோலாஸ்சேயில் இறங்கி நடக்க வேண்டும். 2021-ல் நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்காமல் உள்ளே விடவில்லை. வான்சே நிலையத்தில் இறங்கினாலும் வீணில்லை. அங்கிருந்து கிளாடோவுக்குப் போகும் எஃப்10 படகில் சாதாரண ஏபி சீட்டே செல்லும். இருபது நிமிடப் பயணம், மேல்தளத்தில் காற்று.

புல்லிலும் புதரிலும் உட்கார்ந்து எழுந்தால் அன்றிரவே உண்ணி தேட வேண்டும். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம். கடித்திருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். எண்ணெய், நெயில்பாலிஷ் தடவ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், ஆரம்பத்திலேயே கொடுக்கும் மாத்திரையில் குணமாகிவிடும்.

காய்கறியும் கோயிலும்

செவ்வாய், வெள்ளி இரு நாளும் மைபாக்உஃபரில் கால்வாயோரம் துருக்கிச் சந்தை கூடும். கத்தரிக்காய், வெண்டைக்காய், கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் எல்லாம் சூப்பர்மார்க்கெட் விலையில் பாதிக்கும் கீழ் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் கூடையோடு தள்ளிவிடுவார்கள், ஆனால் அடியில் அழுகல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். துருக்கிக் கடைகளில் வாளியில் விற்கும் கொழுப்பு நீக்காத தயிர் நல்ல உறை. இரண்டு தேக்கரண்டி போதும், ஒரு லிட்டர் பால் உறைந்துவிடும். பாகற்காய்க்கும் கீரைக்கும் லிஷ்டென்பெர்க்கில் வியட்நாமியர் நடத்தும் டோங் சுவான் சந்தைக்கு எம்8 டிராமில் போகலாம், செவ்வாய் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிர மற்ற சூப்பர்மார்க்கெட் எல்லாம் பூட்டு. அதனால் சனி மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கிவிட வேண்டும்.

காலிப் புட்டியை எறியாதீர்கள். பியர்ப் புட்டிக்கு 8 சென்ட், மறுபயன்பாட்டுத் தண்ணீர்ப் புட்டிக்கு 15, ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்கும் தகரக் குவளைக்கும் 25 திரும்ப வரும். நசுக்கினால் இயந்திரம் கோட்டுக்குறியைப் படிக்காது. பூங்காவில் சுமக்க முடியவில்லையென்றால் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அடியில் நிறுத்தி வையுங்கள். அவற்றைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் உண்டு, தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

யு7 தடத்தில் தெற்கே பிளாஷ்கோஆலே நிலையத்தின் அருகே இலங்கைத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. போகும் முன் நடை திறக்கும் நேரத்தையும் இப்போதுள்ள ஆள் வரம்பையும் கேட்டுக்கொள்வது அவசியம். அங்கிருந்து அடுத்த நிலையம் வரை நடந்தால் குதிரைலாட வடிவக் குடியிருப்பு வரும். புரூனோ டௌட்டும் மார்ட்டின் வாக்னரும் 1925-லிருந்து எழுப்பியது, 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தொழிலாளிக்கும் வெளிச்சமும் தோட்டமும் வேண்டும் என்று கட்டிய வீடுகள், நீலமும் செம்மண் சிவப்புமாகக் கதவுகள். குடியிருப்பவர்களின் சன்னலுக்குள் படம் எடுக்காமல் நடுக்குளத்தைச் சுற்றி வரலாம். அரை நாளுக்கு இது போதும்.

உள்ளே

இவ்வளவுக்கும் பிறகு கூரைக்கு அடியில் போகலாம். உணவகத்தின் வெளி மேசைக்கு இப்போது சோதனைச் சான்று வேண்டாம், உள்ளே உட்கார்ந்தால் சான்று வேண்டும். லூகாவிலோ கொரோனா எச்சரிக்கைச் செயலியிலோ வருகையைப் பதியுங்கள், இரண்டும் இல்லையென்றால் காகிதப் படிவம் தருவார்கள். நாற்காலியில் அமரும் வரை கவசம் மூக்கில் இருக்கட்டும். அட்டை வாங்குவார்களா என்று உட்காரும் முன் கேளுங்கள். ஜெர்மன் வங்கி அட்டையை மட்டும் வாங்கி விசாவை மறுக்கும் இடங்கள் நிறைய உண்டு. அன்பளிப்பை மேசையில் விட்டுவிட்டு வருவது இங்கே பழக்கமில்லை. 18.40 என்று பில் வந்தால் காசு நீட்டும்போதே இருபது என்று சொல்லிவிடுவார்கள்.

அருங்காட்சியகத் தீவுக்கு நேரம் குறித்த சீட்டை முன்பதிவு செய்யுங்கள். வார நாள் மாலையில் இடம் எளிதாகக் கிடைக்கும். 2021 ஜூனில் வரைபடத்தைப் பார்த்து யு5 ரயிலில் மூசேயும்சின்சல் நிலையத்தில் இறங்கத் திட்டமிட முடியவில்லை. 2020 டிசம்பர் 4 அன்று அந்தத் தடம் திறந்தாலும், அந்த நிலையத்தில் மட்டும் வேலை முடியாததால் அப்போது ரயில் நிற்காமல் போனது. ஒரு நிலையம் முன்னதாக உண்டர் டென் லிண்டனிலோ, அடுத்த ரோட்டஸ் ராட்ஹவுஸிலோ இறங்கி நடந்தால் பத்து நிமிடம்.